ஒரே தரவு, ஏழு விடைகள்: கால்குலேட்டரில் திட்ட விலக்கம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தனி ஊசல் செய்முறை. இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் பத்து முறை அளந்து, பத்து அளவீடுகளையும் பலகையில் எழுதிப் போட்டாயிற்று. எல்லோருக்கும் ஒரே தரவு. செய்ய வேண்டியது ஒன்றுதான்: அறிவியல் கால்குலேட்டரில் கூட்டுச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (அளவீடுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) கண்டு குறிப்பேட்டில் எழுதுவது. எட்டுக் குறிப்பேடுகள் திரும்பி வந்தன. ஏழில் ஏழு விதமான திட்ட விலக்கங்கள்: 0.1826, 0.1732, 0.1954, 0.2, 0.0333, 15.85, 114.13. எட்டாவதில் அந்த இடம் காலியாக இருந்தது.

இப்படி நேரும்போது 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். அது எதையும் விளக்குவதில்லை. கவனமில்லாமல் அழுத்தினால் கண்டபடி ஏதோ ஒரு எண் வரும் என்ற நினைப்புதான் அதற்குள் இருக்கிறது. உண்மையில் இந்த ஏழு எண்களில் ஒன்றுகூடத் தற்செயலாக வந்ததில்லை. எந்த இடத்தில், எந்த விசையில் பிசகியது என்பதை ஒவ்வொரு எண்ணிலிருந்தும் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடிந்தது. அந்தத் தேடலே இந்த ஆய்வு.

தரவும் கைக்கணக்கும்

அளவீடுகள், நொடியில்: 40.1, 40.3, 39.9, 40.2, 40.0, 40.4, 40.1, 39.8, 40.2, 40.0.

கூட்டுத்தொகை 401, சராசரி 40.1. சராசரியிலிருந்து விலக்கங்கள் வரிசையாக 0, 0.2, −0.2, 0.1, −0.1, 0.3, 0, −0.3, 0.1, −0.1. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.30. அதைப் பத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.1732, ஒன்பதால் வகுத்து எடுத்தால் 0.1826. காகிதமும் பேனாவும் போதும், ஐந்து நிமிட வேலை.

கால்குலேட்டர் இந்த வழியில் போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சராசரி தெரிந்த பிறகுதான் விலக்கம் காண முடியும்; கருவிக்கோ எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எனவே அது மூன்று தொகைகளை மட்டும் வளர்த்துக்கொண்டே போகும்: எத்தனை எண்கள், அவற்றின் கூட்டுத்தொகை, அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. 1973இல் வந்த எச்பி-45 பைக் கால்குலேட்டரே இந்தத் தொகைகளுக்கெனத் தனி நினைவிடங்கள் வைத்திருந்தது. நம் தரவுக்கு அந்த மூன்றும் 10, 401, 16080.4. கூட்டுத்தொகையின் வர்க்கத்தைப் பத்தால் வகுத்தால் 16080.1. அதை 16080.4இலிருந்து கழித்தால் அதே 0.3.

இந்த மூன்று எண்களும் இந்த ஆய்வின் கைரேகைப் பதிவேடு. விடை தவறியவரின் கருவியில் இந்த மூன்றையும் திரையில் வரவழைத்துப் பார்த்தால், எங்கே கோளாறு என்பது அநேகமாக வெளிப்பட்டுவிடும்.

வாசலிலேயே நிறுத்த வேண்டிய இரண்டு

15.85, 114.13 ஆகிய இரண்டையும் எழுதியவர்கள் அவற்றை ஒரு கணம் உற்றுப் பார்த்திருந்தால் எழுதியிருக்கமாட்டார்கள். மிகப் பெரிய அளவீடு 40.4, மிகச் சிறியது 39.8, வீச்சு 0.6. பத்தால் வகுக்கும் முறையில் திட்ட விலக்கம் வீச்சின் பாதியைத் தாண்டவே முடியாது. பாதித் தரவு ஒரு முனையிலும் மறுபாதி மறுமுனையிலும் குவிந்திருந்தால்தான் அந்த உச்சமே கிடைக்கும். ஆகவே 0.3தான் உச்சவரம்பு, ஒன்பதால் வகுக்கும் முறையில் அது 0.316. பதினைந்தும் நூற்றுப் பதினான்கும் இந்தத் தரவின் திட்ட விலக்கமாக இருக்க வாய்ப்பே இல்லை.

15.85 எழுதிய குறிப்பேட்டில் சராசரி 31.77 என்று இருந்தது. எந்த அளவீடும் 39.8க்குக் கீழே இல்லாதபோது சராசரி மட்டும் எப்படி இறங்கும்? கருவி கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ். ஷிப்ட், 1 அழுத்தித் தொகைகளை வரவழைத்தபோது எண்ணிக்கை 13, கூட்டுத்தொகை 413, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 16136.4. நமக்குத் தெரிந்த மூன்றையும் இவற்றிலிருந்து கழித்தால் மிஞ்சுவது 3, 12, 56. கூட்டினால் 12, வர்க்கங்களைக் கூட்டினால் 56 வரும் மூன்று முழு எண்கள் வேறெவையும் இல்லை: 2, 4, 6. முந்தைய பாடத்தில் பயிற்சிக்காகப் போட்ட குட்டிக் கணக்கு அது. நினைவகத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஊசல் அளவீடுகள் அதன் மேல் போய் ஏறிக்கொண்டன.

எம்எஸ் வகைக் கருவிகளில் புதுத் தரவு தொடங்குமுன் ஷிப்ட், மோடு, 1, சமக்குறி என்று அழுத்திப் புள்ளியியல் நினைவகத்தைத் துடைக்க வேண்டும். கையேட்டிலேயே உள்ள அறிவுரைதான். யாரும் கையேடு படிப்பதில்லை. கேசியோவின் இன்னொரு வரிசையான இஎஸ் வகையில் நிலைமை தலைகீழ். புள்ளியியல் மோடை விட்டு வெளியே வந்தாலே தரவு முழுக்கப் போய்விடும். ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வந்தது என்று குறிக்கும் நிகழ்வெண் பத்தியை இடையில் இயக்கினாலும் போய்விடும். அதனால் அங்கே பழைய தரவு ஒட்டிக்கொள்ளும் தொல்லை குறைவு. பாதி வழியில் எல்லாம் அழிந்து திரும்ப முதலிலிருந்து தொடங்கும் தொல்லை அதிகம்.

114.13இல் எண்ணிக்கை 10 என்று சரியாகவே இருந்தது. ஆனால் கூட்டுத்தொகை 761.9. வித்தியாசம் 360.9. கணக்குப்பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு தந்திரம் இங்கே உதவுகிறது: வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது. 360.9ஐ ஒன்பதால் வகுத்தால் 40.1. ஒரு எண்ணில் புள்ளி விழாமல் போனால் அது பத்து மடங்காகிறது. கூடுதலாகச் சேர்வது ஒன்பது மடங்கு. ஆக, 40.1 என்பது 401 என்று பதிவாகியிருக்கிறது. தரவில் 40.1 இரண்டு முறை வருவதால் முதலாவதா, ஏழாவதா என்பதை மட்டும் தொகைகளை வைத்துச் சொல்ல முடியாது. மேல், கீழ் அம்பு விசைகளால் பதிவான தரவை நகர்த்திப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அந்த எண் திரையில் நிற்கும்போதே சரியான மதிப்பைத் தட்டிச் சமக்குறி அழுத்தினால் திருத்தம் முடிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதில்லை.

பத்தா, ஒன்பதா?

0.1732 தவறான எண் அல்ல. வேறொரு கேள்விக்கு உரிய விடை. 0.1826ஐ 0.1732ஆல் வகுத்தால் 1.054. அது பத்தை ஒன்பதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது. இரண்டு பேரின் விடைகள் இந்த விகிதத்தில் வேறுபட்டால், அவர்கள் தரவைச் சரியாகவே உள்ளிட்டுவிட்டு வெவ்வேறு விசையைத் தொட்டிருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். தரவு ஐந்தே எண்களாக இருந்தால் விகிதம் 1.118, நூறு எண்களானால் 1.005. எனவே சிறிய தரவுகளில்தான் இந்தத் தகராறு.

எது பொருந்தும்? கையில் இருப்பது முழுமைத்தொகுதியா, அதிலிருந்து எடுத்த மாதிரியா என்பதைப் பொறுத்தது. ஒரு வகுப்பின் எல்லா மாணவர்களின் மதிப்பெண்களும் கையில் இருக்கின்றன, அந்த வகுப்பைப் பற்றி மட்டுமே கேள்வி என்றால், மொத்த எண்ணிக்கையால் வகுப்பதே முறை. ஊசலில் அப்படியில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் அளந்திருக்கலாம், பத்தோடு நிறுத்தினோம். அளக்கும் முறையில் உள்ள சிதறலை அந்தப் பத்தைக் கொண்டு மதிப்பிடுகிறோம். இங்கே ஒன்று குறைத்து வகுக்க வேண்டும்.

ஏன் ஒன்று குறைக்க வேண்டும் என்பதை இதே தரவிலேயே பார்த்துவிடலாம். விலக்கங்களை 40.1இலிருந்து எடுக்காமல் 40இலிருந்து எடுத்து வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 0.40 வரும். 40.2இலிருந்து எடுத்தாலும் 0.40தான். தரவின் சொந்தச் சராசரியிலிருந்து எடுத்தால் மட்டுமே 0.30, இதைவிடக் குறைவாக எந்தப் புள்ளியிலிருந்து எடுத்தாலும் வராது. உண்மையான நேரம் சரியாக 40.1தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அது சற்று அப்படியோ இப்படியோ இருந்தால் உண்மைச் சிதறல் நாம் கண்டதைவிடப் பெரிது. தரவு தனக்குத் தானே சாதகமாகத் தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. அந்தச் சாய்வை ஈடுகட்டத்தான் பத்துக்குப் பதில் ஒன்பது. ஜெர்மானிய வானியலாளர் ஃபிரீட்ரிக் பெசலின் பெயரால் இதைப் பெசல் திருத்தம் என்கிறார்கள். திட்ட விலக்கம் என்று இன்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் கார்ல் பியர்சன், அது 1890களில். பெசல் காலமானது 1846இல். பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே வானியலாளர்கள் அதன் தொல்லையை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

0.1732 எழுதியவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இல்லை. அவர் விரலுக்குத்தான் தெரியவில்லை. எம்எஸ் கருவியில் ஷிப்ட், 2 அழுத்தினால் வரும் பட்டியலில் 1 சராசரி, 2 மொத்த எண்ணிக்கையால் வகுத்தது, 3 ஒன்று குறைத்து வகுத்தது. 'மூன்றைத் தட்டு' என்று மனப்பாடம் செய்திருந்தார். அன்று கையில் கிடைத்ததோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ். அதில் ஷிப்ட், 1, 4 அழுத்தினால் வரும் பட்டியலில் 1 எண்ணிக்கை, 2 சராசரி, 3 சிக்மா-எக்ஸ், 4 எஸ்-எக்ஸ். எண்ணிக்கை பட்டியலின் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டதால் மற்றவை ஒவ்வொரு படி கீழிறங்கிவிட்டன. அதே மூன்று, வேறு விடை. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கருவிகளில் எஸ்-எக்ஸ் முதலில் வந்து சிக்மா-எக்ஸ் பின்னால் வரும். ஆகவே விசை எண்ணை மனப்பாடம் செய்வது வீண். குறியீட்டைப் படிக்கப் பழக வேண்டும். சிக்மா என்றால் மொத்த எண்ணிக்கையால் வகுத்தது, எஸ் என்றால் ஒன்று குறைத்தது. பழைய எம்எஸ் இரண்டுக்கும் சிக்மாவையே போட்டு, கீழே 'என்', 'என் கழித்தல் ஒன்று' என்று பொடி எழுத்தில் பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பொடி எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

0.0333க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது விலக்க வர்க்கச் சராசரி, 0.1826இன் வர்க்கம். எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் போன்ற கருவிகள் எல்லா விடைகளையும் ஒரே பட்டியலாகக் கொட்டிவிடுகின்றன. வர்க்கக் குறி போட்ட வரியும் போடாத வரியும் அடுத்தடுத்து நிற்கும். கண் ஒரு வரி பிசகிவிட்டது.

எல்லாச் சோதனையிலும் தேறிய தவறுகள்

கவலைப்பட வேண்டிய விடைகள் 0.2உம் 0.1954உம்தான். இரண்டும் பார்வைக்கு நல்ல பிள்ளைகள். இரண்டும் 0.3 என்ற வரம்புக்குள் அடங்குகின்றன. சந்தேகப்பட ஒரு முகாந்தரமும் தருவதில்லை.

0.2 எழுதியவர் பலகையில் இருந்ததை அப்படியே உள்ளிடவில்லை. நிகழ்வெண் அட்டவணையாகச் சுருக்கியிருந்தார்: 39.8 ஒரு முறை, 39.9 ஒரு முறை, 40.0, 40.1, 40.2 ஆகியவை இரண்டிரண்டு முறை, 40.3 ஒரு முறை, 40.4 ஒரு முறை. நல்ல யோசனைதான், ஏழே வரிகள். இஎஸ் பிளஸ் கருவியில் நிகழ்வெண்ணுக்கு ஒரு பத்தி வேண்டும். அது இயல்பாகத் திரையில் இருக்காது. ஷிப்ட், மோடு வழியே அமைப்புப் பட்டியலுக்குப் போய் அதை இயக்க வேண்டும். அவர் இரண்டு பத்திகள் தெரியும் ஏதோ ஒரு வகையைத் தேடினார். ஒருமாறிக்குப் பதில் இருமாறி வகை கிடைத்தது. எக்ஸ், ஒய் என்று இரு பத்திகள். எக்ஸில் மதிப்புகள், ஒய்யில் நிகழ்வெண்கள். கருவி தன் கடமையைச் செய்தது. ஒய் என்பது வேறொரு அளவு என்று எடுத்துக்கொண்டு, எக்ஸில் உள்ள ஏழு எண்களுக்கு மட்டும் சிக்மா-எக்ஸ் கண்டது. வர்க்கங்களின் கூட்டு 0.28, ஏழால் வகுத்தால் 0.04, வர்க்கமூலம் துல்லியமாக 0.2. கொசுறாக, சிக்மா-எக்ஸ் என்ற இரண்டாம் தவறும் இதில் சேர்ந்திருக்கிறது.

சராசரியைப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. 39.8 முதல் 40.4 வரை சம இடைவெளியில் நிற்கும் ஏழு எண்களின் சராசரி 40.1, முழுத் தரவின் சராசரியும் அதேதான். நிகழ்வெண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சராசரி அசையவில்லை. 'சராசரி சரியாக வந்ததால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும்' என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. எண்ணிக்கையைக் கேட்டிருந்தால் 7 என்று வந்திருக்கும், குட்டு உடைந்திருக்கும். எம்எஸ் வகையில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. மதிப்பைத் தட்டி, ஷிப்ட் வழியாக அரைப்புள்ளி போட்டு, நிகழ்வெண்ணைத் தட்டி, எம் பிளஸ் விசையை அழுத்தினால் முடிந்தது.

0.1954தான் இந்த நிகழ்வின் மிகப் பொல்லாத விடை. எம்எஸ் கருவி; மோடு சரி, நினைவகம் துடைத்தது சரி, கடைசியில் தேர்ந்த விசையும் சரி. எண்ணிக்கை மட்டும் 11. கூட்டுத்தொகை 441.4, கூடுதலாக வந்தது 40.4. எம் பிளஸ் விசையை இரண்டு முறை அழுத்தினால் அதே எண்ணை இரண்டாவது தரவாக ஏற்றுக்கொள்ளும் வசதி அந்தக் கருவியில் உண்டு. ஒரே மதிப்பு அடுத்தடுத்து வருபவர்களுக்காகச் செய்த வசதி. விசை ஒழுங்காக விழுந்ததா என்ற ஐயத்தில் இன்னொரு முறை அழுத்துபவருக்கு அதுவே பொறி. ஆறாவது அளவீட்டில் அது நடந்திருக்கிறது.

விடையை உத்தேசமாகச் சரிபார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் வீச்சை ஒரு மாறிலியால் வகுப்பார்கள். பத்து எண்கள் கொண்ட மாதிரிக்கு, இயல்நிலைப் பரவல் என்று கொண்டால், அந்த மாறிலி 3.078. தரக்கட்டுப்பாட்டு அட்டவணைகளில் காணக் கிடைப்பது. 0.6ஐ அதனால் வகுத்தால் 0.195. ஆம், தவறான விடையோடு மூன்று தசம இடம் வரை ஒத்துப்போகிறது! சரியான விடையான 0.1826 சற்றுத் தள்ளி நிற்கிறது. உத்தேச மதிப்பு பெரும் தவறுகளைப் பிடிக்கும்; இத்தகைய சிறு தவறுக்கு அது பொய்ச்சாட்சி சொல்லவும் கூடும். எம்எஸ் கருவி ஒவ்வொரு எண்ணை ஏற்றதும் இதுவரை எத்தனை என்பதைத் திரையில் காட்டுகிறது. பத்தாவது எண்ணுக்குப் பின் 11 என்று காட்டியிருக்கும். பார்க்க ஆள் இல்லை.

காலியாக இருந்த குறிப்பேடு

எட்டாமவர் திட்ட விலக்கத்துக்கான எஸ்டி மோடுக்குப் போகவே இல்லை. 82எம்எஸ்ஸில் மோடு, 2. அதைச் செய்யாமல் சாதாரணக் கணக்கு நிலையிலேயே பத்து எண்களையும் எம் பிளஸ் விசையால் உள்ளிட்டிருக்கிறார். அந்த நிலையில் அதே விசைக்கு வேறு வேலை; எண்ணைத் தனி நினைவகத்தில் கூட்டிக்கொண்டே போகும். திட்ட விலக்கம் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார். நினைவகத்தைத் திறந்து பார்த்தால் 401. தேடி அலைந்த கூட்டுத்தொகையைப் பிழையில்லாமல் கையில் வைத்துக்கொண்டு வெறும் இடத்தை விட்டிருக்கிறார்; மற்றவர்களின் விடைகளைச் சோதிக்க முதலில் பயன்பட்டது அந்த எண்தான்.

எண்ணிக்கை சரி, ஆனாலும்

எண்ணிக்கை, கூட்டுத்தொகை இரண்டையும் விடைக்கு மேலே எழுதியாக வேண்டும் என்று அடுத்த முறை விதித்ததும் எட்டுக் குறிப்பேடுகளிலும் 0.1826 வந்தது. திரையில் தெரிவது 0.1825741858; அளவீடே ஒரு தசம இடம் வரைதான் என்பதால் அறிக்கையில் 0.18 நொடி என்று முடிப்பது நாகரிகம். பத்து இலக்கத்தையும் பெயர்த்து எழுதுவது கடிகாரத்துக்கு இல்லாத திறமையை அதற்குக் கற்பிப்பது.

இந்த விதிக்கும் ஓர் ஓட்டை உண்டு. 40.2ஐ 40.3 என்றும் 40.1ஐ 40.0 என்றும் தட்டிவிட்டால் எண்ணிக்கை 10, கூட்டுத்தொகை 401, இரண்டும் பழுதில்லை. வர்க்கங்களின் கூட்டுத்தொகை மட்டும் 16080.44 ஆகி, திட்ட விலக்கம் 0.1944 என்று வரும். 16080.4 என்பதை முன்கூட்டியே கையால் போட்டு வைத்திருப்பவருக்குக் கால்குலேட்டரே தேவையில்லை.

கழித்து உள்ளிடுவது ஓரளவு உதவும். எல்லா அளவீடுகளிலும் பொதுவாக இருக்கும் 40ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பத்தால் பெருக்கினால் தரவு 1, 3, −1, 2, 0, 4, 1, −2, 2, 0 என்றாகிறது. ஒற்றை இலக்கங்களில் தட்டச்சுப் பிழை குறையும், புள்ளி தவறும் பேச்சுக்கே இடமில்லை. ஒரு மாறிலியைக் கழிப்பதால் திட்ட விலக்கம் மாறாது; கிடைக்கும் 1.826ஐப் பத்தால் வகுத்துக்கொண்டால் போதும். எண்கள் மிகப் பெரிதாக இருந்தால் இது விருப்பத்தேர்வாக இல்லாமல் அவசியமாகிவிடும். 10000001, 10000002, 10000003 ஆகிய மூன்றின் வர்க்கங்களுக்கு 15 இலக்கங்கள் வேண்டும். பன்னிரண்டு இலக்கம் மட்டும் வைத்திருக்கும் கருவி, இரண்டு பெரும் தொகைகளைக் கழிக்கும்போது விடை ஒளிந்திருக்கும் கடைசி இலக்கங்களையே தொலைத்துவிடும். 1, 2, 3 என்று உள்ளிட்டால் எந்தக் கருவியும் 1 என்றே சொல்லும்.

மற்றபடி, இரண்டு பேர் சேர்ந்து செய்வதுதான் வழி. ஒருவர் அம்பு விசையால் நகர்த்தித் திரையில் வருவதை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் பலகையில் உள்ள எண்ணுக்குக் குறி போட வேண்டும். எம்எஸ்ஸில் ஒவ்வொரு மதிப்புக்கும் பிறகு அதன் நிகழ்வெண்ணும் வந்து நிற்கும் என்பதால் பத்து அளவீடுகளுக்கு இருபது அழுத்தங்கள் ஆகும்.